நியூட்ரல்

"நவரட்ணராஜா!" என்று தாதி கூப்பிட்டு
சொட்டுமருந்துப் பையைத் தந்தாள், உங்களிடமல்ல, என்னிடம்.
இடக்கண்ணில் பஞ்சு, அதன்மேல் துளைபோட்ட பிளாஸ்ரிக் மூடி.
ஆசுபத்திரி வாசலில் வண்டியைப் பார்த்து நின்றீர்கள்,
அயல்வீட்டு மாடு நம் வளவுக்குள் நிற்பதைப் பார்ப்பதுபோல.

தம்பி கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றிவிட்டது.
இருநூற்றைம்பது சிசி. நூற்றெண்பது கிலோ.
சீற்றுக்குக் கீழே பத்துக் கிலோ அரிசி கொள்ளும்.
கிளச் கிடையாது, கியர் கிடையாது.
"அப்ப ஓடுறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்ட நீங்கள்தான்
பின்னால் ஏறினீர்கள்.
ஸ்பிரிங் ஒரு அங்குலம் இறங்கியது.

பஸ் நிலையத்தடி மட்டும் பிரச்சினை இல்லை.
மான்கள் பொலித்தீன் மேய்ந்தன.
பிறகு உவர்மலை ஏற்றம்.

ஏற்றத்தில் இந்த வண்டி முதலில் சத்தம்தான் போடும்.
நான் முறுக்க முறுக்க
சத்தம் முன்னே ஓடிவிடும்,
வேகம் யோசித்து யோசித்துப் பின்னால் வரும்.
அந்த இடைவெளிக்குள்
உங்கள் இடதுகால் விழித்துக்கொண்டது.
பெருவிரல் மிதிபலகையை அமத்தியது.
திரும்ப ஒருதரம் அமத்தியது.
என் இடுப்போரம் இருந்த முழங்கால் காட்டிக்கொடுத்தது.

"இரண்டு போடு."
"எங்க போட?"

உங்கள் எழுபத்தெட்டுக் கிலோவும் பின்சில்லில் இருக்க
முன்சில்லு றோட்டை மறக்கப் பார்த்தது.
கையில் ஹாண்டில் வெறும் அலுமினியம்.
"முன்னுக்குத் தள்ளி இருங்கோ."
வந்தீர்கள். வெட்கப்பட்டு, ஒரு சாண்.
கலியாணம் கட்டி இருபத்தாறு வருஷம்!

பாதி ஏற்றத்தில் தண்ணி பவுசர் நின்றுவிட்டது.
நானும் நின்றேன்.
இடக்கைப் பிரேக்கை விட்டால்
பின்பக்கமாய் உள்துறைமுகம் வரைக்கும் போகலாம்.
கேளாமலே உங்கள் கால்கள் இரண்டும் தரைக்கு வர,
வண்டி சாய்ந்து
பாரம் முழுக்க என் வலத்தொடையில்.

"காலை எடுங்கோ! மூட்டை மாதிரி இருங்கோ!"

சொன்ன பிறகுதான் தெரிந்தது அது யாருடைய பேச்சென்று.
சீனன்குடா றோட்டு. உங்கள் பழைய ஹொண்டா.
ஏழு மாத வயிற்றோடு நான் பக்கவாட்டில்.
ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி நடந்து
திரும்ப ஏறும்போதெல்லாம் சொன்னீர்கள்:
"மூட்டை மாதிரி இரு. நான் சரிஞ்சா நீயும் சரி."
கிளினிக் வரைக்கும் நான் கதைக்கவில்லை அன்றைக்கு.

நீங்கள் கோபித்தீர்களோ சிரித்தீர்களோ,
இடக்கண்ணாடியில் தெரிந்தது
பஞ்சு மட்டும்.

பவுசர் அசைந்தது.
கொஞ்சம் முறுக்கி, பெல்ட் பிடிக்கும்வரை பொறுத்து,
பிறகுதான் பிரேக்கை விட்டேன்.
கால்கள் இரண்டும் பலகையில் இருந்தன.

உச்சியில் கச்சான் காற்று விலாவில் இடித்தது.
நான் சரிந்தேன். நீங்களும்.

மற்றப் பக்கம் இறக்கம்.
வேகம் குறைந்தால் எஞ்சின் கையை விட்டுவிடும்;
மீதிக்குப் பிரேக்தான், தொட்டுத் தொட்டு.
ஒவ்வொரு தொடலுக்கும்
உங்கள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்.
வேம்படி வளைவில் டொக்.
குலுங்கக் கூடாது என்றாரே டொக்டர் என்று நான் பயப்பட,
அடுத்த வளைவில் உள்ளங்கை ஒன்று
என் முதுகில் வந்து முண்டுகொடுத்தது.
அதன்பிறகு சத்தமில்லை.

கேற்றடியில் திறப்பைத் திருப்பி நிறுத்தினேன்.
நீங்கள் இறங்கவில்லை.
இடதுகால் பலகையில்
மெல்ல மேலே, கொஞ்சம் கீழே, திரும்ப மேலே,
ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலிருக்கும்
அந்த நூலளவு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு மேலால் மனோரஞ்சிதம் எட்டிப் பார்த்தாள்.
"என்ன, இறங்கேல்லையோ?"

"பொறுங்கோ," என்றேன்,
"நியூட்ரல் விழட்டும்."